புடையன் கடிச்சா ரத்தம் ஏன் தண்ணியாகுது

மாரி வெள்ளாமை வெட்டு நேரம் தம்பலகாமத்தில எங்கட மாமாவுக்குப் புடையன் கடிச்சுது. மெஷின் இறங்கேலாத ஒரு மூலையைக் கையால வெட்டிக்கொண்டு நிண்டவர், குக்கரில ஆவி போற மாதிரி ஒரு சீறல் கேட்டதாம், என்னெண்டு குனிஞ்சு பாக்கிறதுக்கு முதல் கணுக்காலுக்கு மேல ரெண்டு பல்லும் பதிஞ்சிட்டுது. பிறகு வழக்கமான சண்டைதான், பெரியப்பா பரியாரியிட்ட கொண்டுபோகச் சொல்லுறார், மச்சான் ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணி வச்சுக்கொண்டு ஏறுங்கோ ஏறுங்கோ எண்டு கத்துறான், அந்த இழுபறியில முக்கால் மணித்தியாலம் போட்டுது. கடைசியில மச்சான்தான் வெண்டான்.

வார்ட்டில மிசி செய்த ஒரு வேலை எனக்கு இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. மாமாட கையில இருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்தா, ஒரு ரெண்டு மில்லி இருக்கும், அதை ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலுக்குள்ள விட்டு மேசை ஓரத்தில வச்சிட்டு, "இருபது நிமிசத்துக்கு ஒருத்தரும் தொடக்கூடாது தம்பி, மேசையையும் ஆட்டாதீங்கோ" எண்டு சொல்லிட்டுப் போயிட்டா. நான் சுவர் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு காவல் இருந்தன். இருபது நிமிசம் முடிய வந்து போத்தலை ஒருக்காச் சரிச்சா. சாதாரண ஆளிண்ட ரத்தம் எண்டா அந்த நேரத்துக்குள்ள ஜெலி மாதிரி கட்டியாகி அடியில ஒட்டியிருக்க வேணும். மாமாட ரத்தம் நன்னாரி சர்பத் மாதிரி ஒரு பக்கத்தில இருந்து மற்றப் பக்கத்துக்கு ஓடிச்சு. அதுக்குப் பிறகு அங்க ஒருத்தரும் மெதுவா நடக்கேல்ல.

எனக்குக் குழப்பம் அங்கதான் தொடங்கினது, ஏனெண்டா சின்ன வயசில இருந்து ஊரில கேட்டதெல்லாம் விசம் ஏறினா ரத்தம் உறைஞ்சு கட்டியாகி நெஞ்சை அடைக்கும் எண்டுதான். போத்தலில பாத்ததோ நேர் எதிர். பிறகு வாசிச்சும் டொக்டரிட்டக் கேட்டும் பாத்தா ஊர்க்கதையும் பாதி சரி, போத்தலும் சரி, ரெண்டும் ஒரே கதையிண்ட முன்பாதியும் பின்பாதியும்.

முதல்ல பேரைச் சரி பண்ணிப் போடுவம். நாங்கள் புடையன், முத்திரைப் புடையன் எண்டு சொல்லுறதைத்தான் இந்தியப் புத்தகங்களில கண்ணாடி விரியன் எண்டு போட்டிருப்பாங்கள். முதுகில சங்கிலி கோத்த மாதிரி வட்ட வட்டமா இருக்கும், தடிச்ச உடம்பு, முக்கோணத் தலை. கட்டுவிரியன் எண்டு ஒண்டு இருக்கு, பேரில விரியன் இருக்கிறதால அதுவும் இதிண்ட சொந்தக்காரன் எண்டு கனபேர் நினைக்கினம், இல்லை, அது நாகபாம்பிண்ட பக்கம், அதிண்ட விசம் நரம்பைப் பிடிக்கிறது, நிலத்தில பாயில படுத்திருக்கிற ஆளை ராவில கடிச்சிட்டுப் போகும், வீக்கமும் இல்லை நோவும் பெருசா இல்லை, விடியக் கண் இமை தூக்கேலாது, பிறகு மூச்சு நிக்கும். ரத்தத்தோட விளையாடுறது விரியன் குடும்பந்தான்.

இனி விசயத்துக்கு வருவம். பாம்பு விசம் எண்டது ஒரு பொருளில்ல, பத்துக் கணக்கான புரதங்கள் கலந்த ஒரு கலவை, அதில கனக்க நொதியங்கள், அதாவது என்சைம். அந்தப் புரதங்களில பெரியது நேர ரத்தக்குழாய்க்குள்ள போகாது, தோலுக்குக் கீழ இருக்கிற நிணநீர்க் குழாய் வழியாத்தான் மெல்ல மெல்ல மேல ஏறும், அந்தக் குழாயை அமத்தி அமத்தித் தள்ளுறது எங்கட தசைதான். கடிச்ச காலோட ஓடினா, நடந்தா, நீங்களே பம்ப் அடிச்சு விசத்தை ஏத்துறீங்கள் எண்டு அர்த்தம்.

ரத்தத்துக்குள்ள போனவுடன என்ன நடக்குது? எங்கட ரத்தம் உறையிறது ஒரு சங்கிலி வேலை. காயம் பட்டா உறைய வைக்கிற புரதங்கள், அதாவது காரணிகள், அதில ஒண்டு அடுத்ததைத் தட்டி எழுப்பும், அது அதுக்கடுத்ததை எழுப்பும், ஒவ்வொரு படியிலயும் வேலை பல மடங்காகும், கடைசியில திரொம்பின் எண்ட ஒண்டு உருவாகி, ரத்தத்தில கரைஞ்சு கிடக்கிற பைப்ரினோஜன் எண்ட புரதத்தை நூலாக்கி வலை பின்னும், அந்த வலையில சிவப்பணு எல்லாம் சிக்கிக் கட்டியாகும். இந்தக் காரணிகளுக்கு ரோமன் இலக்கத்தில நம்பர் போட்டு வச்சிருக்கிறாங்கள். புடையன் விசத்தில இருக்கிற ஒரு நொதியம் நேர பத்தாம் காரணியைப் பிடிச்சு எழுப்பும், இன்னொண்டு அஞ்சாம் காரணியை. மேல இருக்கிற படி ஒண்டும் தேவையில்லை, காயமும் தேவையில்லை, மதிலேறிக் குதிச்சு நடு வீட்டுக்குள்ள வந்து லைட்டெல்லாத்தையும் போட்டுவிடுற மாதிரி.

இதை எங்கட பக்கத்து ஆக்களுக்கு விளங்கப்படுத்திறது லேசு. மகாவலி பெருகி வெருகல், மூதூர்ப் பக்கம் வெள்ளம் வரேக்க கரை உடையிற இடத்துக்கு அடுக்கிறதுக்கு மண்மூடை கட்டி வச்சிருப்பம் எல்லோ. யாரோ ஒருத்தன் ராவில வந்து உடைப்பே இல்லாத இடமெல்லாம் அந்த மூடையை அடுக்கி முடிச்சிட்டுப் போறான் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. விடியக் கரை உடைஞ்சா போட மூடை இல்லை. பைப்ரினோஜன்தான் அந்த மண்மூடை. உடம்பு முழுக்க ஓடுற ரத்தத்தில மொத்தமாப் பாத்தாலும் அது ஒரு 10 கிராம் அளவுதான் வரும், விசம் அதை உடம்பெல்லாம் துணுக்குத் துணுக்கா நூலாக்கிவிடும், உடம்பிண்ட துப்புரவு வேலை அந்த நூலை உடன வெட்டிக் கரைச்சுக்கொண்டே இருக்கும், ஒண்டு ரெண்டு மணித்தியாலத்தில கையிருப்பு தீந்திடும். அப்ப முதல்ல உறைய வைக்கிறது உண்மை, ஊர்க்கதை சொன்னது அதைத்தான். அதுக்குப் பிறகு உறையிறதுக்கு ஒண்டும் மிச்சமில்லை, போத்தலில ஓடினது அது.

அந்தப் போத்தல் ஏன் கண்ணாடியா இருக்க வேணும் எண்டும் கேட்டனான். பிளாஸ்டிக் எண்டா சரிவராதாம். கண்ணாடியிண்ட மேற்பரப்பு பட்டாத்தான் பன்னிரண்டாம் காரணி விழிச்சு உறையிற வேலை தொடங்கும், சவர்க்காரம் போட்டுக் கழுவின போத்தலிலயும் அந்தத் தன்மை கெட்டுப்போகும், பிறகு நல்ல ரத்தமும் உறையாமல் பொய்க்கதை சொல்லும். மெஷின் இல்லை கரண்ட் இல்லை, ஒரு புதுக் காய்ஞ்ச போத்தலும் மணிக்கூடும் போதும், சின்ன ஆஸ்பத்திரியிலயும் செய்யலாம். எனக்கு இதை விட அழகான டெஸ்ட் ஒண்டு இருக்கிற மாதிரித் தெரியேல்ல.

இதில இன்னொரு வேடிக்கை. இந்தப் புடையன் விசத்தையே மருந்தாப் பாவிச்சிருக்கிறாங்கள். 1934 இல மக்ஃபார்லேன், பார்னெட் எண்ட ரெண்டு பேர் லண்டனில, ரத்தம் உறையாத பரம்பரை நோய்க்காரருக்குப் பல்லுப் பிடுங்கின இடத்தில ஐதாக்கின புடையன் விசத்தை வச்சு ரத்தத்தை நிப்பாட்டிக் காட்டினவை. அதே மக்ஃபார்லேன்தான் முப்பது வருசத்துக்குப் பிறகு, 1964 இல, நான் மேல சொன்ன அந்தச் சங்கிலி வேலையை முறையா எழுதி வெளியிட்டவர். இண்டைக்கும் லாப்பில லூபஸ் (உடம்பிண்ட எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கிற நோய்) சம்பந்தமான ஒரு ரத்தப் பரிசோதனைக்கு ஐதாக்கின புடையன் விசம்தான் பாவிக்கிறாங்கள்.

சரி, மூடை தீந்தது ஒரு பக்கம். கரை பலமா இருந்தா மூடை இல்லாட்டியும் தப்பலாம். விசம் அங்கயும் கை வைக்குது. எங்கட உடம்பில ஆகச்சின்ன ரத்தக்குழாய் இருக்கே, மயிர்த்துளைக் குழாய் எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சது, அதிண்ட சுவர் ஒரே ஒரு கல அடுக்குத்தான், அதைச் சுத்தி வெளியால ஒரு மெல்லிய படலம், நாலாம் வகைக் கொலாஜனால பின்னினது. வயலில வரம்பை இறுக்கிப் பிடிச்சிருக்கிற புல்லுவேர் மாதிரி அது. விரியன் விசத்தில நாகம் எண்ட உலோக அணுவை நடுவில வச்சிருக்கிற நொதியங்கள் இருக்கு, அதுகள் இந்தப் படலத்தைத்தான் வெட்டும். (நாகம் எண்டு சொன்னது துத்தநாகம், சிங்க், பாம்பில்ல.) படலம் வெட்டுப்பட்டவுடன குழாய் உடனே வெடிக்கிறதில்லை, ரத்தம் ஓடுற அமுக்கம் தாங்கேலாமல் சுவர் ஊதி ஊதி மெலிஞ்சு கடைசியில பிரியும், ரத்தம் வெளிய கசியும். வேரறுத்த வரம்பு தண்ணி நிண்டவுடன கரையிறது போலதான்.

மாமாட கால் பொழுதுபடுறதுக்கு முதல் முழங்கால் தாண்டி வீங்கினது இதாலதான். வீக்கம் எண்டது வேற ஒண்டுமில்லை, குழாய்க்குள்ள இருக்க வேண்டிய தண்ணியும் புரதமும் ரத்தமும் வெளிய வந்து நிக்கிறது. ராவு வாய் கொப்பளிக்கத் தண்ணி குடுத்தம், துப்பினது சிவப்பு, முரசு ஓரமெல்லாம் கோடு போட்ட மாதிரி ரத்தம் கசியுது. ஊசி குத்தின இடத்தில ஒட்டின பஞ்சு நனைஞ்சு நனைஞ்சு மூண்டு தரம் மாத்தினம். வெளிய தெரியிற இதெல்லாம் சின்ன விசயம், வயித்துக்குள்ள, சிறுநீரகத்துக்குள்ள, மூளைக்குள்ள இதே கசிவு நடந்தாத்தான் உயிருக்கு ஆபத்து, அதால கடுமையாத் தலையிடிக்குது எண்டு சொன்னா டொக்டர்மார் சும்மா விடமாட்டினம். மூளைக்குள்ள ரத்தம் கசியவும் ஏலும், முன்பாதியில உருவாகின கட்டி போய் அடைக்கவும் ஏலும், ஒரே விசம் ரெண்டையும் செய்யும்.

பிறஷர் விழுறதும் இதோட சேந்தது. ரத்தமும் தண்ணியும் குழாயை விட்டு வெளியேறினா உள்ளுக்க ஓடுறது குறையும், அதுக்கு மேல விசத்தில இருக்கிற சில பொருள்கள் ரத்தக்குழாயை விரிச்சு விடும், குழாய் அகலமாச்சு ஓடுற ரத்தம் குறைஞ்சு போச்சு, பிறஷர் எங்க நிக்கும். இந்தப் பிறஷர் விழுத்துற வித்தையிலயும் எங்களுக்கு ஒரு லாபம் கிடைச்சிருக்கு. பிறேசிலில ஒரு குழிவிரியன், ஜரராக்கா எண்டு பேர், அதிண்ட விசத்தில இருந்த சின்னப் புரதத்துண்டுகளை வச்சு ஆராஞ்சுதான் கப்டோபிரில் எண்ட பிறஷர் குளிசை வந்தது, 1981 இல அமெரிக்காவில அனுமதி கிடைச்சது. அதிண்ட தம்பிதான் எனலாபிரில், உங்கட வீட்டுப் பெரியாக்களிண்ட குளிசைப் பெட்டியைத் திறந்து பாத்தா அநேகமா இருக்கும்.

இப்ப கிட்னி. புடையன் கடியில நாள் கணக்கில ஆளை வச்சு வாட்டுறது இதுதான், இதைத்தான் ஊரில ஆக்கள் கணக்கெடுக்கிறதே இல்லை. கிட்னிக்கு இதயம் தள்ளுற ரத்தத்தில அஞ்சில ஒரு பங்கு போகுது, ஒரு நாளைக்கு 180 லீற்றர் அளவு வடிக்குது, முழுக்க முழுக்க மெல்லிய குழாய்ச் சுருளால செய்த உறுப்பு. அப்ப ரத்தக்குழாயைத் தாக்கிற விசம் ஒண்டு வந்தா முதல் அடி எங்க விழும் எண்டு சொல்லத் தேவையில்லை. ஒரு வழியால இல்லை, நாலு வழியால அடி விழுது. பிறஷர் விழுந்து ரத்தம் போதாமல் போறது ஒண்டு. சின்னக் குழாயெல்லாம் உறைஞ்ச துணுக்குகளால அடைபடுறது இன்னொண்டு, அந்த அடைப்புக்குள்ளால நெருக்கிப் போற சிவப்பணு கண்ணாடி மாதிரிச் சில்லுச் சில்லா உடையும். உடைஞ்ச சிவப்பணுவில இருந்தும் நொந்த தசையில இருந்தும் வாற நிறப்பொருள் போய்க் கிட்னியிண்ட குழலை அடைக்கும். விசம் நேரவே கிட்னிக் கலங்களைத் தாக்குறதும் இருக்கு. கனபேருக்கு இது கொஞ்சக் கிழமையில திரும்பும், சிலருக்கு இடையில ரத்தம் சுத்திகரிக்க வேண்டி வரும், கிட்னியிண்ட வெளிப்பகுதி முழுக்கச் செத்துப்போனா திரும்பாது. அதாலதான் வார்ட்டில எங்களிட்ட ஒரு அளவுப் போத்தலைத் தந்து சிறுநீர் எவ்வளவு போகுது, என்ன நிறம் எண்டு நேரத்தோட எழுதச் சொன்னவை. மாமாவுக்கு வெக்கம், போகேல்ல எண்டு பொய் சொல்லுறார், பிறகு மச்சான் போய் நல்லா ஏசினவன்.

கோப்பி விரியன் எண்டு ஒண்டு, மூக்கு நுனி மேல தூக்கி நிக்கும், முழத்துக்குக் கிட்டத்தான் நீளம், மலைப்பக்கத் தோட்டங்களில கூட, மற்ற இடங்களிலயும் இருக்கு. இலங்கையில கனபேரைக் கடிக்கிற பாம்பு இது. அநேகமா நோவும் வீக்கமும் கொப்புளமுமாப் போயிடும், ஆனா சிலருக்கு மேல சொன்ன அதே கிட்னிக் கதை நடக்கும், வாற இந்திய விசமுறி மருந்து இதுக்கு வேலை செய்யாது. சின்னப் பாம்புதானே எண்டு விட்டிட்டு இருக்கக்கூடாது.

அதிகம் தெரியாத உறுப்பு ஒண்டு கபச்சுரப்பி. மூளைக்கு அடியில கடலை அளவு, உடம்பில மற்றச் சுரப்பியளுக்கெல்லாம் அதுதான் அதிகாரி. புடையன் விசத்தால அதுக்குள்ள ரத்தம் கசிஞ்சோ அடைச்சோ செத்துப்போறது பர்மாவிலயும் தென்னிந்தியாவிலயும் பதிவாகியிருக்கு. ஆள் பிழைச்சு வீட்ட வந்து, மாசக்கணக்கில, சில நேரம் வருசக்கணக்கில பிறகு, ஒரே களைப்பு, உடம்பு மயிர் கொட்டுது, குளிர் தாங்கேலாது எண்டு திரிவார், பாம்பையும் இதையும் ஒருத்தரும் முடிச்சுப் போடமாட்டினம்.

எங்கட தீவுப் புடையனுக்கு இன்னொரு குணமும் இருக்கு, ரத்தத்தோட நரம்பையும் கொஞ்சம் பிடிக்கும். மாமாட ரெண்டு கண் இமையும் அண்டைக்குப் பின்னேரம் பாதிக்கு விழுந்து கிடந்தது, நித்திரை தூங்குறார் எண்டு மாமி நினைச்சா, இல்லை அது விசம். நாகபாம்பு, கட்டுவிரியன் அளவுக்கு மூச்சு நிப்பாட்டுற மட்டும் போறது அரிதுதான்.

கடற்கரை ஊர்க்காரருக்கு ஒரு வார்த்தை. குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் வலை இழுக்கிற ஆக்களுக்குக் கடல்பாம்பு புதுசில்லை, வலக்கடியன் எண்டு ஒண்டுக்குப் பேரே இருக்கு. அதிண்ட விசம் ரத்தக்குழாயை உடைக்கிறதில்லை, தசையைக் கரைக்கும். கடி நோகவே நோகாது, வீங்காது, முள்ளுக் குத்தின மாதிரி, ஒரு மணித்தியாலம் ரெண்டு மணித்தியாலத்தில உடம்பு முழுக்க அடிச்சுப்போட்ட மாதிரி உளைவு, தாடை இறுகும், பிறகு சிறுநீர் கோலா நிறத்தில போகும். கரைஞ்ச தசையிண்ட நிறப்பொருள் அது, அதுவும் போய் நிக்கிற இடம் கிட்னிதான். தசைக்குள்ள இருந்த பொட்டாசியம் எல்லாம் ரத்தத்துக்கு வந்தா இதயமும் நிக்கும்.

மருந்துக்கு வருவம். விசமுறி மருந்து எண்டது குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமா விசம் ஏத்தி, குதிரையிண்ட ரத்தத்தில உருவாகிற எதிர்ப்புப் புரதத்தைப் பிரிச்செடுக்கிறது. இந்த வழியை 1890களில தொடங்கி வச்சவர்களில ஒருத்தர் பிரெஞ்சு டொக்டர் அல்பேர் கல்மெத், வியட்நாமில சைகோனில வேலை செய்யேக்க வெள்ளத்தோட நாகபாம்பு ஊருக்குள்ள வந்து சனத்தைக் கடிச்சதைப் பாத்துத் தொடங்கினது. எங்களுக்கு வாறது இந்தியாவில செய்தது, நாகபாம்பு, கட்டுவிரியன், புடையன், சுருட்டை விரியன் எண்ட நாலுக்கும் ஒரே மருந்து. குதிரைப் புரதம் எங்கட உடம்புக்கு அந்நியம், அதால ஒவ்வாமை சர்வசாதாரணம். இலங்கையில ஆயிரம் பேருக்கு மேல வச்சுச் செய்து 2011 இல வெளிவந்த ஒரு ஆய்வில நாலில மூண்டு பேருக்கு ஏதோ ஒரு அளவில ஒவ்வாமை வந்தது, மருந்து ஏத்திறதுக்கு முதல் கொஞ்ச அளவு அட்ரினலின் தோலுக்குக் கீழ போட்டா கடுமையான ஒவ்வாமை நல்லாக் குறையுது எண்டு அதே ஆய்வு காட்டினது. மருந்து ஏறேக்க மாமா குளிரில நடுங்கினதைப் பாத்து நாங்கள் செத்துப்போறார் எண்டு நினைச்சம், மிசி அப்பிடியொண்டும் பதறேல்ல.

ஆனா இந்த மருந்து எதைச் செய்யும் எதைச் செய்யாது எண்டது முக்கியம். சுத்தித் திரியிற விசத்தைப் பிடிச்சுக் கட்டும், அவ்வளவுதான். தீந்த மண்மூடையை அது திருப்பித் தராது, அதை ஈரல்தான் புதுசாச் செய்ய வேணும், அதுக்கு ஆறு மணித்தியாலமாவது எடுக்கும், அதாலதான் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா அந்தப் போத்தல் டெஸ்டைத் திருப்பிச் செய்யிறவை. அறுந்த குழாய்ச் சுவரை ஒட்டாது. செத்த கிட்னிக் கலத்தை எழுப்பாது. நாங்கள் பரியாரியா ஆஸ்பத்திரியா எண்டு சண்டை பிடிச்ச முக்கால் மணித்தியாலத்தில எத்தினை மூடை போச்சோ, அது போனதுதான்.

பரியாரியளைக் குறை சொல்லுறதுக்கு இல்லை, ஆனா அவையளுக்குப் பேர் வாறது எப்பிடி எண்டு விளங்க வேணும். இலங்கை முழுக்க வீடு வீடாக் கேட்டுச் செய்த கணக்கெடுப்பில வருசத்துக்குக் கடிபடுறது 80,000 பேருக்கு மேல, விசம் ஏறினது 30,000 அளவு, சாவு 460 அளவு. அப்ப கடிபட்டதில பாதிக்கு மேல விசமே ஏறேல்ல, விசமில்லாத பாம்பு கடிச்சிருக்கும், இல்லாட்டி விசப்பாம்பே சும்மா பல்லை மட்டும் பதிச்சிருக்கும். அவையளுக்கு விசக்கல்லை வச்சாலும் பிழைப்பினம், வேப்பிலையால தட்டினாலும் பிழைப்பினம்.

பிளேட்டால கீறி ரத்தம் எடுக்கிறது ஏன் கூடாது எண்டு இப்ப உங்களுக்கே விளங்கும், உறையாத ரத்தம் உள்ள ஆளுக்கு நீங்கள் புதுசா ஒரு ஓட்டை போடுறீங்கள். இறுக்கிக் கட்டினா விசம் மேல ஏறாது எண்டு நினைப்பினம், விசம் எல்லாம் ஒரே இடத்தில தேங்கி அந்தத் தசையைத்தான் சாப்பிடும், ரத்தவோட்டமும் நிண்டு கால் போகும், அவிட்டவுடன ஒரேயடியா ஏறும். நோவுக்கு டிஸ்பிரின், டைக்ளோபெனக் எண்டு கைக்கு வந்ததைக் குடுக்கக்கூடாது, அதுகள் ரத்தம் உறைய உதவுற ரத்தத்தட்டையும் கிட்னியையும் கெடுக்கும், பனடோல் பரவாயில்லை. மோதிரம், கால் சங்கிலி, அரைஞாண், காப்பு எல்லாத்தையும் வீங்க முதல் கழட்டோணும். காலுக்கு ஒரு தடியைச் சேத்துக் கட்டி அசையாமல் தூக்கிக்கொண்டு போறதுதான் வேலை.

மாமாட போத்தல் மூண்டாந்தரம் வைக்கேக்கதான் உறைஞ்சுது, மறுநாள் விடியப்பறம். மிசி அதைத் தலைகீழாப் பிடிச்சுக் காட்டினா, விழேல்ல. கிறியற்றினின், அதாவது கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவிண்ட ரத்த அளவு, மட்டும் பிறகும் ஒரு மாசத்துக்கு மேல ஏறி இறங்கிக்கொண்டு நிண்டது, இப்பவும் மூண்டு மாசத்துக்கு ஒருக்கா கிளினிக் கொப்பியோட போறார், பாம்பு கடிச்சது காலில, என்னத்துக்கு ஒவ்வொரு தரமும் மூத்திரம் கேக்கினம் எண்டு இண்டைக்கும் புறுபுறுத்துக்கொண்டு.